பன்னிரண்டு அவுன்ஸ்

“யாருக்கு சார்?” என்று கடைக்காரர் கேட்டார். பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பெரியமேடு வரைக்கும் வெயிலில் நடந்த வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்தேன், இதை மட்டும் யோசிக்கவில்லை. பாக்ஸிங் கிளவுஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம், பால் பாக்கெட் வாங்குகிற மாதிரி. பால் பாக்கெட்டை யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை. கடைக்குள் கூரையிலிருந்து வலைப்பைகளில் கால்பந்துகள் தொங்கிக்கொண்டிருந்தன, தலையில் இடிக்குமோ என்று கொஞ்சம் குனிந்தே நின்றேன். குனிந்து நிற்பது அதனால்தானா, அல்லது டாக்டர் சொன்னாரே, முதுகு தானாக வளையத் தொடங்கும் என்று, அதனாலா. இனிமேல் எதையும் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது போலிருக்கிறது. வெயிலில் நடந்தால் களைப்பு வரும், ஐம்பத்து மூன்று வயதில் யாருக்கும் வரும், ஆனால் இந்தக் களைப்பு எந்தக் களைப்பு. சுவர் அலமாரி முழுக்க வெற்றிக்கோப்பைகள், யாரும் இன்னும் ஜெயிக்காத கோப்பைகள், பிளாஸ்டிக் உறை போட்டுத் தூசி தட்டாமல் நின்றன. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். முன்வழுக்கை, லேபில் போடுகிற வெளிர்நீலச் சட்டை, இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள். இடது கை இப்போதெல்லாம் பாக்கெட்டுக்குள்தான் குடியிருக்கிறது. “பொண்ணுக்கு,” என்றேன். சொன்ன பிறகு அது அவ்வளவு மோசமான பதிலாகத் தெரியவில்லை. எனக்குப் பெண் இருக்கிறாள், பூவிழி, ஓசூரில் வேலை பார்க்கிறாள். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தால் தள்ளி வெளியே விடுகிற பெண். “நல்லது சார், இப்பல்லாம் பொண்ணுங்கதான் நிறைய வராங்க,” என்று சொல்லிவிட்டு, “பாப்பா வெயிட் எவ்ளோ இருக்கும்? மூட்டை அடிக்கவா, இல்ல ஆளோட ஆடவா? ஏற்கெனவே பழகுதா, புதுசா?” என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு பொய்க்கு இத்தனை கிளைக்கேள்விகள் இருக்கும் என்று யாருக்குத் தெரியும். “புதுசு. மூட்டை மட்டும்தான்,” என்றேன். அதுவரைக்கும் உண்மை.

மூட்டை மட்டும்தான் என்று எனக்குச் சொன்னது அந்த பிசியோதெரபி பெண். பாக்ஸிங் பண்ணுங்க சார் என்று அவள் சொன்னதும் என்னை உற்சாகப்படுத்த ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், நிஜமாகவே இந்த வியாதிக்காரர்களுக்கென்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹாலில் நடக்கிறதாம். யாரும் யாரையும் அடிக்க வேண்டாம், தொங்குகிற மூட்டையை அடித்தால் போதும், காலை எட்டி வைத்து, கையை முழுசாக நீட்டி, வாய்விட்டு எண்ணிக்கொண்டு. “உங்க உடம்பு எல்லாத்தையும் சின்னதாக்கப் பார்க்கும் சார். நடை சின்னதாகும், கையெழுத்து சின்னதாகும். நீங்க அதுகிட்ட பெருசு, பெருசுன்னு சொல்லிட்டே இருக்கணும்.” இதனால் வியாதி போய்விடாது என்றும் சொன்னாள், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த ரப்பர் பந்தைப் பார்த்தாள். கிளவுஸ் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்களின் வேர்வை ஊறியதில் கையை விடாதீர்கள் என்றாள். அவள் சொல்லி எத்தனையோ வாரம் ஆகிவிட்டது. தினம் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு ஏன் வந்தேன் என்றால் காலையில் லேபில் அந்த மீசைக்காரர். வாட்டசாட்டமான மனிதர், ஊசி என்றால் பயம், முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் பார்க்கிற வேலை இது, மற்றவர்கள் உடம்பிலிருந்து ரத்தம் எடுப்பது. வலது கை குத்தும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் பாதி வேலை இடது கையுடையது. இடது கட்டைவிரல்தான் தோலைக் கீழ்நோக்கி இழுத்து நரம்பு நழுவாமல் பிடித்துத் தர வேண்டும். பிடித்தேன். பிடித்துக் காத்திருந்த அந்த நொடியில் கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது, தோல் அவருடையது அல்லவா. முகத்தைத் திருப்பி என் கையைப் பார்த்தார். “புதுசா சேர்ந்திருக்கீங்களா சார்?” என்றார். கேலி இல்லை. புதுசாக இருந்தால் பரவாயில்லை, நிதானமாகப் பண்ணுங்கள் என்கிற மாதிரி, அவ்வளவு பயத்திலும் எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி. “இல்லீங்க, ஏசி,” என்றேன். “ஆமாமா, ஏசி ஜாஸ்திதான்,” என்றார் பாவம். முழங்கையை விலாவோடு இறுக்கி வைத்துக்கொண்டு குத்தினேன். ரத்தம் வந்தது. இன்றைக்கு வந்தது.

“இந்தாங்க சார், பாப்பாவுக்கு இது கரெக்டா இருக்கும்,” என்று கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் ஒரு ஜோடியை வைத்தார். ரோஜா நிறம், மணிக்கட்டுப் பட்டியில் வெள்ளைப் பூ. எட்டு அவுன்ஸ் என்று போட்டிருந்தது. அவுன்ஸ் என்கிற சொல்லை கடைசியாக எங்கே கேட்டேன், மருந்துக் கடையில், இருமல் டானிக் குடிக்கிற அளவில். “தோல் இல்ல, ரெக்ஸின்தான், ஆனா பழகறதுக்குப் போதும். தோல்லயும் இருக்கு,” என்று பழுப்பு நிறத்தில் இன்னொன்றை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “வாசனை பாருங்க, அசல் மாட்டுத்தோல்,” என்று என்னிடம் நீட்டினார். நானும் முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. கை ஆடுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே மூக்கு போய்விட்டது, ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டு ஆவி பிடித்தேன். லேபில் ஸ்பிரிட் வாசனை தெரியாமல் போனபோது கம்பெனி மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். என் மனைவி மங்கை ரசத்துக்குத் தாளித்துவிட்டு, “எப்படி, தெருவே மணக்குதா?” என்பாள், மணக்கிறது என்பேன். இப்போதும் சொன்னேன், “ஆமா பாய், நல்ல வாசனை.” எத்தனை பேரிடம் எத்தனை வாசனைகளுக்குத் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். அவர் திருப்திப்பட்டு, கிரிக்கெட் மட்டை கேட்டு வாசலில் வந்து நின்ற ஒருவரைக் கவனிக்கப் போனார். “இத்ரீஸ் பாய், போன வாரம் சொன்னீங்களே அது வந்துச்சா?” என்று அவர் கேட்க, இருவரும் மட்டையைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்க்கத் தொடங்கினார்கள். நான் ரோஜா நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளெல்லாம் கையுறை போட்டுக் கழற்றுகிறவன் நான். ஆனால் அது மெல்லிய ரப்பர், அதற்குள் இருந்தும் நரம்பு தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நரம்பை நம்பாதே, விரல்நுனிக்குத் தெரிகிறதா பார் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்வேன். அமுக்கினால் லேசாக எம்பி வரும், ஈரமான கயிறு போல. இது அப்படியில்லை, இதற்குள் போனால் எதுவும் தெரியாது. எதுவும் தெரியாது என்றால் வெளியிலிருந்தும் எதுவும் தெரியாது அல்லவா. ஆட்டம் தெரியுமா தெரியாதா. பார்த்துவிட்டால் என்ன. பாய் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து உள்ளே விட்டேன். போகவில்லை. பெண்பிள்ளைக் கைக்குச் செய்தது, என் கட்டைவிரல் அடிமூட்டோடு நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினேன், ‘சொத்’தென்று உள்ளே போய்விட்டது. போனது வரவில்லை. வலது கையால் இழுக்கிறேன், வரவில்லை. உள்ளே விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன, சிக்கிக்கொண்டதும் ஆட்டம் அதிகமாகிவிட்டது, மனசு பதறினால் அதுவும் பதறும், இரண்டும் ஒரே வீட்டுக்காரர்கள். ரோஜா நிற கிளவுஸ் என் கையின் முனையில் தனியாக ஒரு உயிர் மாதிரி துடித்தது. எனக்குச் சம்பந்தமில்லாமல் மாமனார் ஞாபகம் வந்தது. வந்திருக்கக் கூடாது. மங்கையின் அப்பா, பக்கவாதம் வந்து எங்கள் வீட்டு முன்னறையில் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. ஒரு தடவை அவருக்குச் சட்டை மாற்றும்போது இப்படித்தான், கை சட்டைக்கைக்குள் போய் முழங்கையில் மடங்கிச் சிக்கிக்கொண்டது, சொல்ல வாய் வராது அவருக்கு, கண்ணை மட்டும் உருட்டினார். மங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கத்திரிக்கோல் எடுத்துச் சட்டையை வெட்டினாள். தபாலாபீஸ் கவுண்ட்டரில் நாளெல்லாம் உட்கார்ந்துவிட்டு வந்து, புடவையை மாற்றாமல்கூட அவரைத் தூக்கி உட்காரவைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், துடைப்பாள். வருஷக்கணக்காக. நான் உதவினேன், ஆனால் உதவினேன் என்கிற சொல்லே சொல்லிவிடுகிறது அது யாருடைய வேலையாக இருந்தது என்று. அவர் போய், காரியமெல்லாம் முடிந்து, தண்ணீர் மெத்தையைக் காலி பண்ணிச் சுருட்டி யாருக்கோ கொடுத்தனுப்பிவிட்டு, வெறும் கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “இனிமே யாரையும் தூக்கி உக்காரவைக்க என் முதுகுல தெம்பு இல்லங்க.” என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த பொங்கல் முடிந்து டாக்டர் என்னை அறைக்குள் அப்படியும் இப்படியும் நடக்கவிட்டு, விரல்களைத் தட்டச் சொல்லி, ஒரு வட்டம் வரையச் சொல்லி, பெயரைச் சொன்னபோது எனக்கு வியாதி மனசில் ஏறவில்லை. முதுகுல தெம்பு இல்லங்க. அதுதான் கேட்டது. அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை விட்டமின் என்று சொல்லி அலமாரியில் வைத்தேன். நம்பினாள். நம்பினாளா. சட்டைப் பித்தான் போட நேரமாகிறது என்று லேப் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நானே டி-ஷர்ட்டுக்கு மாறினேன், வயசாக ஆக உங்களுக்கு ஸ்டைல் கூடுது என்றாள். இதெல்லாம் ஞாபகம் வர வேண்டிய இடமா இது. கால்பந்துகளுக்கு அடியில், ரோஜா நிற கிளவுஸில் கை மாட்டிக்கொண்டு.

“சார், அது பாப்பா சைஸ்,” என்று இத்ரீஸ் பாய் திரும்பி வந்தார். மட்டைக்காரர் போய்விட்டிருந்தார். “சும்மா பாத்தேன்,” என்றேன். “பரவால்ல, இருங்க,” என்று பட்டியைப் பிரித்து, கிளவுஸின் வாயை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, “இப்ப இழுங்க,” என்றார். இழுத்தேன். வந்துவிட்டது. வந்த கை, எங்கள் இருவருக்கும் நடுவே, அந்தக் கண்ணாடி மேஜையின் மேல், டியூப்லைட் வெளிச்சத்தில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, எதையோ உருட்டுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டி உருட்டிச் சின்னதாக்குகிற மாதிரி. நகம் கண்ணாடியில் பட்டு டிக் டிக் என்றது. பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது, தூக்க முடியவில்லை. கனம் என்பதால் இல்லை. அலுப்பு. அதை எத்தனை தடவை ஒளிப்பது. “சுகர் இறங்கிடுச்சா சார்? தண்ணி தரட்டா?” என்றார் பாய். எவ்வளவு வசதியான கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை, ஒரு டம்ளர் தண்ணீர், ரோஜா நிறத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம், யாருக்காவது கொடுத்துவிடலாம். ஆனால் அந்த ஆமாமுக்கும் ஒரு மூச்சு வேண்டும், அதற்குப் பின்னால் இன்னொரு பொய்க்கு இன்னொரு மூச்சு, என்னிடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. “இல்ல பாய். எனக்குப் பார்க்கின்சன்,” என்றேன். சொல்லிவிட்டேன். வாய்விட்டு, சத்தமாக, முதல் தடவை. எதுவும் இடிந்து விழவில்லை. பாய் புருவத்தைச் சுருக்கினார். “அப்படின்னா?” அடக் கடவுளே. சொன்னால் தெரிந்துவிடும் என்றுதானே பயந்துகொண்டிருந்தேன், சொன்னாலும் தெரியாது என்று நினைக்கவே இல்லை. “கை ஆடும் பாய். அப்புறம் கால் சொன்னபடி கேக்காது. எல்லாம் மெதுவாப் போகும். இங்க, மூளைல ஒரு சரக்கு சுரக்கணும், அது குறைஞ்சுபோச்சு.” “அதுக்கா பாக்ஸிங்?” “பண்ணச் சொல்றாங்க. நல்லதாம்.” அவர் என் கையைப் பார்த்தார், அவசரமாகப் பார்வையை எடுக்கவில்லை. பிறகு ரோஜா நிற ஜோடியைப் பார்த்தார். “அப்ப பாப்பா?” என்றார். “பாப்பா ஓசூர்ல இருக்கா பாய். அவளுக்கு ஒண்ணும் வேணாம்.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியாமல் சிரித்தார், எனக்கும் உள்ளேயிருந்து வந்தது. என் முகம் இப்போதெல்லாம் சிரிப்பை முழுசாக வெளியே விடுவதில்லை, ஆனால் தோள் குலுங்கியது, அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் மளமளவென்று எடுத்துப்போட ஆரம்பித்தார். லேஸ் கட்டுகிறது வேண்டாம், கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும் என்று தானே ஒதுக்கினார். இன்னொரு ஆள். இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், இருக்கட்டும். அகலப் பட்டி வைத்து ஒட்டுகிற மாதிரிதான் எனக்கு. பதினாறு அவுன்ஸை மாட்டிப் பார்த்தேன், இரண்டு தலையணையைத் தூக்கிப் பிடித்த மாதிரி, தோள் உடனே இறங்கியது. அது ஆளோடு ஆடுகிறவர்களுக்காம், அத்தனை பஞ்சும் எதிராளி முகத்துக்காகவாம். எதிராளிக்கு வலிக்காமல் இருக்கக் கனத்தை நாம் சுமப்பது. பத்து அவுன்ஸ் சுகமாக இருந்தது, இதையே வாங்கிவிடுகிறேன் என்றேன், சீக்கிரம் உட்கார வேண்டும் போலிருந்தது, எதையாவது முடித்தால் போதும். “நில்லுங்க சார், வெறுங்கையில போட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். உள்ள துணி சுத்திட்டுப் போடணும், அப்ப இது நெரிக்கும்,” என்று ஒரு நீளத் துணிச்சுருளை எடுத்து என் வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் மொளி வரை சுற்றினார். பத்து நெரித்தது. ஒரு கறுப்பு ஜோடி, முஷ்டி மூடவே வரவில்லை, உள்ளே பஞ்சு விறைத்துக்கொண்டு விரல்களைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தியது, ஒரு தடவை மூடுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. “புதுசுல அப்படித்தான் இருக்கும், பழகப் பழகப் படியும்,” என்றார் முதலில், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு வேணாம் சார், இப்பவே தானா மூடுறது இருக்கணும்,” என்றார். பழகப் பழக என்கிற காலம் எனக்கு வேறு திசையில் ஓடுகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது. அப்புறம் சிவப்பில் ஒரு பன்னிரண்டு அவுன்ஸ். கை உள்ளே போனதும் விரல்கள் தாமாக வளைந்து உட்கார்ந்தன, உள்ளங்கையில் ஒரு மெத்தென்ற உருளை, பிடித்துக்கொள்வதற்கென்றே. இடது கையையும் விட்டார், பட்டியை இழுத்து ஒட்டினார். ஆடுகிறதா என்று பார்த்தேன். ஆடியது, ஆனால் உள்ளே, எனக்கு மட்டும். ஒரு தட்டையான தோல் மெத்தையை உள்ளங்கையில் மாட்டிக்கொண்டு பாய் எதிரே நின்றார். “ஒண்ணு போடுங்க.” நான் யாரையும் அடித்ததில்லை. ஸ்கூலில்கூட இல்லை, அடிவாங்கினவன் கட்சி நான். வலதால் தொட்டேன். “தட்டிக் குடுக்கறீங்களா? போடுங்க சார்.” போட்டேன், பட்டென்றது. இப்போது இடது. கை வராது என்று எனக்குத் தெரியும், அது எப்போதும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வரும், கூப்பிட்டால் என்ன என்று திரும்பிக் கேட்கிற ஆள் மாதிரி. பெருசு என்று மனசுக்குள் சொன்னேன். காலை எட்டி வைத்தேன். கை கிளம்பியது, கிளம்பிய அந்தக் கணத்தில் ஆட்டம் நின்றது. டாக்டர் சொல்லியிருந்தார், சும்மா இருக்கும்போதும் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்போதும்தான் ஆடும், ஓங்கினால் நின்றுவிடும் என்று. தகவலாகத் தெரியும். கைக்குத் தெரிந்தது இப்போதுதான். மெத்தையில் போய் இறங்கிய சத்தத்தில் பாயே ஒரு அடி பின்னால் போனார். மேலே ஒரு கால்பந்து லேசாகச் சுழன்றது. இன்னொன்று, இன்னொன்று. பிறகு மூச்சு வாங்கி, கண் இருட்டி, மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் ஸ்டூலைத் தள்ளினார். தண்ணீர் கொடுத்தார், இந்தத் தடவை குடித்தேன், அவரே டம்ளரைப் பிடித்துக்கொண்டார், கிளவுஸைக் கழற்ற இருவருக்குமே தோன்றவில்லை.

சென்ட்ரலில் பெரம்பூருக்கு ரயில் ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது, அதுவே பெரிய விஷயம். மடியில் பை. இந்தப் பையை ஒளிக்க முடியாது. மாத்திரையை ஒளிக்கலாம், கையை ஒளிக்கலாம், இது இரண்டு பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது, எதிர் சீட்டில் இருந்தவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். பரண்மேல் போட்டால் மங்கை ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது எடுப்பாள். லேபில் வைத்துவிடலாம் என்றால் லேபில் எத்தனை நாள் வைப்பது. எத்தனை நாள் இருப்பேன் அங்கே. அந்த மீசைக்காரர் என்னை நம்பிக் கையை நீட்டினார், ஏசி என்றதையும் நம்பினார், அடுத்து வருகிற ஒரு குழந்தையின் கையில் நான் தப்பான இடத்தில் குத்தினால் அதற்கு என்ன சொல்வேன். திங்கட்கிழமை போனதும் சொல்லிவிட வேண்டும், ஊசியை ஜூனியர் சோஃபியாவிடம் கொடுத்துவிடுகிறேன், என்னை ரிப்போர்ட் மேஜையில் உட்காரவையுங்கள் என்று. சோஃபியாவுக்கு நல்ல விரல். நானே பழக்கியது என்று பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடத் தெம்பில்லை, நல்ல விரல், அவ்வளவுதான். வியாசர்பாடியில் ரயில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன் எருமையின் முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான், எருமை கண்ணை மூடிக்கொண்டிருந்தது. மங்கையிடம் எப்படி ஆரம்பிப்பது. உட்கார் என்று ஆரம்பிப்பதா. உட்கார் என்றாலே பயந்துவிடுவாள். ஒண்ணுமில்லை என்று ஆரம்பித்தால் அதைவிட. அவள் முதுகு. அந்த முதுகின் மேல் நான் ஏறி உட்காரப் போகிறேன், இன்றைக்கு இல்லை, அடுத்த வருஷம் இல்லை, ஆனால் ஒரு நாள், அவளுக்கும் வயதான பிறகு. இந்தச் சிவப்பு கிளவுஸெல்லாம் அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிவைக்கத்தான். தள்ளிவைக்க முடியுமா என்றும் தெரியாது. ரயில் நகர்ந்தபோது நான் தூங்கியிருக்கிறேன், பெரம்பூர் வந்துவிட்டது என்று எதிர் சீட்டுக்காரர்தான் முழங்காலில் தட்டி எழுப்பினார்.

மங்கை எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். வீட்டு நைட்டியில், தலைமுடியை அள்ளிச் சொருகிக்கொண்டு, அடைக்கு ஊறப்போட்ட பருப்பைக் களைந்துகொண்டிருந்தவள், “ஏன் இவ்ளோ லேட்டு?” என்று கேட்டுக்கொண்டே கையைத் துடைத்துப் பையை வாங்கினாள். வாங்கினதும் கனம் புரியாமல் உள்ளே பார்த்தாள். ஒன்றை வெளியே எடுத்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். “என்னங்க இது? உங்க லேப்ல லாட்டரி ஏதாவது போட்டாங்களா? இல்ல பூவிழி பாக்ஸிங் போறாளா?” அவள் சிரித்தால் கண்ணோரத்தில் மூன்று கோடு விழும், அப்பா போன பிறகுதான் அந்தக் கோடுகள் திரும்பி வந்திருந்தன. “எனக்கு,” என்றேன். “உங்களுக்கா!” என்று இன்னும் சிரித்தாள். நான் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கி, உதட்டில் மட்டும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டிருந்து, அதுவும் போயிற்று. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்தேன், இல்லை, வாயாலும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நின்றபடியே கேட்டாள். “எப்பலேர்ந்து?” “பொங்கல் முடிஞ்சு.” “இப்ப புரட்டாசி.” “ஆமா.” “அந்த விட்டமின் மாத்திரை?” “அது விட்டமின் இல்ல.” கிளவுஸை மேஜைமேல் வைத்தாள், சத்தமில்லாமல், உடைகிற பொருளை வைக்கிற மாதிரி. “வேற யாருக்குத் தெரியும்?” “டாக்டருக்கு. பிசியோதெரபி பொண்ணுக்கு.” அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் இன்றைக்குப் பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. “அப்புறம் கடைக்காரருக்கு.” “எந்தக் கடைக்காரர்?” “இது வாங்கின கடை. பெரியமேட்டுல. பாய் ஒருத்தர்.” அவள் என்னையே பார்த்தாள். “கடைக்காரர்கிட்ட சொல்லியிருக்கீங்க,” என்றாள். “முன்னப்பின்ன தெரியாத ஒரு கடைக்காரர்கிட்ட. நான் இங்க ஒன்பது மாசமா உங்களுக்கு விட்டமின் எடுத்துக் குடுத்துட்டிருக்கேன்.” குரல் உயரவே இல்லை. பருப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மிக்ஸி ஓடத் தொடங்கியது. நான் கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பருப்பு அரைபடுகிற சத்தம் எனக்குத் தெரியும், முதலில் கடகடவென்று, அப்புறம் கனத்து, அப்புறம் வழுக்கிக்கொண்டு. இது அந்தச் சத்தம் இல்லை. இது வெறும் ஜார். உள்ளே ஒன்றும் போடாமல் பிளேடு மட்டும் சுற்றுகிற கீச்சென்ற சத்தம், மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அவள் நிறுத்தவில்லை. ஜார் சூடாகிவிடும், மோட்டார் போய்விடும் என்று ஒரு நினைப்பு, இந்த நேரத்தில் மோட்டாரைப் பற்றி நினைக்கிறோமே என்று இன்னொரு நினைப்பு. கூடத்திலிருந்து சமையலறைக்கு எவ்வளவு தூரம் இருந்துவிடும், ஆனால் கால் நிலைப்படியில் ஒட்டிக்கொண்டது, சில சமயம் வாசற்படிகளில் அப்படி ஒட்டிக்கொள்ளும். கீழே பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்த்தேன். மங்கையின் முதுகு. மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையை மேஜையில் ஊன்றி, தலை குனிந்து. நைட்டியின் தையல் தோள்பட்டையில் ஏறி இறங்கியது. கால் விட்டுவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. பாய் எதிரே நின்றபோது வந்த மாதிரி ஏதாவது ஒன்று, பெருசாக, என்னிடமிருந்து கிளம்ப வேண்டும் என்று தோன்றியது. ஒன்றும் ஆகாது, மருந்து இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, உன் முதுகுக்கு வேலை வைக்க மாட்டேன், இதெல்லாம் வரிசையாக வந்து நின்றது, ஒன்றுக்கும் என்னால் உத்தரவாதம் தர முடிகிறதாக இல்லை. அந்தக் கீச்சலுக்கு மேலே தொண்டையைத் திறந்து, “எனக்குப் பயமா இருக்கு மங்கை!” என்று கத்தினேன்.

அவள் சுவிட்சை அணைத்தாள். திடீரென்று வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது, பக்கத்து போர்ஷனில் யாரோ குழாயை மூடினார்கள். என் கத்தல் கேட்டிருக்கும், கேட்கட்டும். மங்கை மூக்கை நைட்டிக் கையில் துடைத்துக்கொண்டாள். “எனக்கு மட்டும் என்னவாம்?” என்றாள். பிறகு ஈரக் கையோடு அப்படியே என்மேல் சாய்ந்தாள். எங்கள் வயதில், சமையலறையில், சாயங்கால வெளிச்சத்தில், எனக்கு எப்படி நிற்பது என்றே தெரியவில்லை. வலது கை அவள் தோளுக்குப் போனது. இடது கை ஒரு நொடி யோசித்துவிட்டு அவள் முதுகுக்குப் போனது, போனவரைக்கும் சரியாகப் போய், அங்கே உட்கார்ந்ததும் ஆடத் தொடங்கியது. பழக்க தோஷத்தில் முழங்கையை விலாவோடு இறுக்கினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய், என் முழங்கையைப் பிடித்துத் தளர்த்திவிட்டாள். “ஆடட்டும் விடுங்க,” என்றாள். விட்டேன். அது ஆடிக்கொண்டே இருந்தது, நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.